அறுபத்தாறு அடிக் கயிற்றுப் பாய்: ஒன்றரை வருடம் விரித்துச் சுருட்டிய பிறகு

வாங்கிய பொருள் தேங்காய் நாரில் நெய்த கிரிக்கெட் பாய். முழு அளவு, 66 அடி நீளம், 8 அடி அகலம் என்று பில்லில் எழுதியிருந்தது. விலை 18,500 ரூபாய், வண்டிக் கூலி 1,200. வாங்கியது 2024 மார்ச்சில். மழை மாதங்கள் போக மற்ற எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதை விரித்துச் சுருட்டியிருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் அளவு நாடா கையில் இல்லாமல் கடைக்குள் காலை வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

நான் முப்பத்து நான்கு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற சாலையில், தாமிரபரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். முப்பது பையன்கள் வருகிறார்கள், இப்போது நான்கு பெண் பிள்ளைகளும். எங்களிடம் பழைய பாய் ஒன்று இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழைதான். ஆறு எங்கள் மைதானத்தின் வழியாகப் போனது. மோட்டார் அறையில் சுருட்டி வைத்திருந்த பாயையும் எடுத்துக்கொண்டு போனது. நான்கு நாள் கழித்து அரை மைல் தள்ளி, ஒரு கருவேல மரத்தில் செத்த மாடு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தோம். உள்ளே சேறும் நத்தையும்தான் இருந்தன.

புதிதாக வாங்கப் பணம் திரட்ட இரண்டு மாதம் ஆனது. பழைய மாணவர்கள் கொடுத்தார்கள், டீக்கடைக்காரர் கொடுத்தார், திருப்பூரில் வேலை பார்க்கிற ஒருவன் இரண்டாயிரம் அனுப்பிவிட்டு "சார், என் பெயரை யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றான். கோரையைப் பட்டுப் போல நெய்கிற பத்தமடை இதே ஜில்லாவில் இருக்கிறது. ஆனாலும் கிரிக்கெட் பாய்க்கு ஆலப்புழைச் சரக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கோரை பந்தைத் தாங்காது. கயிறுதான் தாங்கும்.

கடை பாளையங்கோட்டையில். பெயர் வேண்டாம். பாதிக் கடை கேடயங்களும் கோப்பைகளும், மீதிப் பாதி கேரம் போர்டு, இறகுப்பந்து, உடற்பயிற்சிச் சாமான்கள். பாயை அங்கே விரித்துக் காட்ட இடம் கிடையாது. சுருட்டி நிறுத்திய பாயின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் ஓரத்தை விரலால் சுண்டிக் காட்டி, "அண்ணாச்சி, ஐந்து வருடத்துக்கு அசையாது" என்றார். நானும் நம்பினேன். நாற்பது வருடமாகப் பையன்கள் சொல்கிற சாக்குகளை நம்பாத நான், ஒரு கடைக்காரரை நம்பிவிட்டேன்.

மைதானத்தில் விரித்து அளந்தால் 64 அடி 3 அங்குலம்.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே 22 கஜம், அதாவது 66 அடி. பாய் ஒன்றே முக்கால் அடி குறைந்தால் இரண்டு முனையிலும் முக்கால் அடிக்கு மேல் வெறும் மண். பந்து வீசுகிறவனின் கால் பாயின் விளிம்பில் தட்டுகிறது. எட்டு வயதுப் பையன் ஒருவன் முதல் நாளே முகம் குப்புற விழுந்தான். கடைக்குப் போன் செய்தேன். "கயிறு சுருங்கியிருக்கும், தண்ணீர் தெளித்து இழுத்துப் பாருங்கள், நீளும்" என்றார். தெளித்தோம், எட்டு பேர் சேர்ந்து இழுத்தோம். 65 அடி வந்தது. மறுநாள் காய்ந்ததும் மறுபடி சுருங்கி 64 அரை. கடைசியில் ஒரு டஜன் இரும்பு ஆணியை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார். அந்த ஆணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறையைச் சொல்லியாகிவிட்டது. நிறையைச் சொல்கிறேன். நெசவு நெருக்கமாக இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை இரண்டு இழைக்கு நடுவே நுழைக்க முடியவில்லை. பழைய பாயில் விரலே போகும். பந்து எழும்புவதுதான் பாய்க்கு முக்கியம். அதில் இந்தப் பாய்க்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். குட் லெங்த்தில், அதாவது மட்டைக்காரருக்குச் சற்று முன்னால், விழுந்த பந்து பெரியவர்களுக்கு இடுப்புக்கும் சின்னவர்களுக்கு நெஞ்சுக்கும் வருகிறது. பத்து பந்தில் ஒன்பது அப்படியே வருகிறது. எங்கள் மண்ணில் பாய் இல்லாமல் ஆடினால் பத்தில் நான்கு உருளும், இரண்டு மூக்குக்கு வரும், மீதி எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது.

இதில் பாதிப் பெருமை பாய்க்கு அடியில் இருக்கிற மண்ணுக்குப் போக வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். எங்கள் மைதானம் குளத்தங்கரைப் புறம்போக்கு. அடியில் கரம்பை, அதாவது களிமண். கோடையில் கரம்பை வெடித்தால் உள்ளங்கை நுழையும். அதன்மேல் நேரடியாகப் பாயை விரித்தால், வெடிப்பில் விழுகிற பந்து செத்துப்போகும். ஆகவே நாலு டிராக்டர் செம்மண் அடித்து, சனிக்கிழமை மாலை குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து, ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் கலவையை நிரப்பி, நடுவில் இரும்புக் கம்பியைச் சொருகி, அதையே உருளையாக்கி உருட்டுகிறோம். கம்பியின் இரண்டு முனையிலும் கயிறு. காளை மாட்டுக்குப் பதில் பன்னிரண்டு வயதுக்காரர்கள்.

இப்படிப் பாய் சுமந்து, கல் பொறுக்கி, தாங்களே தரையைத் திருத்தி ஆடிய ஒரு மனிதரைப் பற்றி நான் பையன்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. பாசில் டி ஒலிவேரா. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில், சிக்னல் ஹில் சரிவில் வளர்ந்தவர். அந்த ஊர்க் கணக்கில் கலப்பினத்தவர். அதனால் நல்ல மைதானம் எதிலும் ஆட முடியாது. கிரீன் பாயிண்ட் என்ற பொதுத் திடலில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். இந்த ஆட்டத்தின் பீல்டர் அந்த ஆட்டத்தின் பீல்டருக்கு முதுகு காட்டி நிற்பார். ஆடுகளம் என்பது கட்டாந்தரையில் விரித்த பாய்தான். நகரத்தின் பெரிய மைதானமான நியூலாண்ட்ஸுக்குப் போனால் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே இறங்கி ஆட முடியாது.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர்களும் டெஸ்ட் ஆட்டத்தைப் பாயில்தான் ஆடினார்கள். 1931ஆம் வருடத் தொடக்கத்தில் நியூலாண்ட்ஸில்தான் அந்த நாட்டில் முதன்முதலாகப் புல் ஆடுகளத்தில் டெஸ்ட் நடந்தது. ஒலிவேரா பிறந்தது அதே 1931 அக்டோபரில், அதே ஊரில். புல் வந்தது, பாய் கைமாறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாயில் வளர்ந்தவன் எப்படி ஆடுவான் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்து எழும்பி வரும் என்ற நம்பிக்கையில் பின்னங்காலில் போய் நிற்பான். மட்டையை அதிகம் தூக்கமாட்டான். ஒலிவேராவின் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்வது இரண்டு: மட்டையைக் கொஞ்சம்தான் பின்னால் தூக்குவார், முன்கை இரும்பு. பாயின் இலக்கணம் அதுதான். எங்கள் பிள்ளைகளில் ஓர் இடது கைப் பையன் இருக்கிறான், பதினைந்து வயது. அப்பா செங்கல் சூளையில் வேலை. அவனுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாய் சொல்லிக்கொடுத்தது. பின்னங்காலில் நின்று அவன் ஸ்கொயர் கட் அடிக்கிற சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும்.

போன வருடம் அவனை ஒரு தேர்வு ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். புல் ஆடுகளம். திருநெல்வேலிப் பக்கத்தில் புல் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தாழையூத்து சங்கர் நகர் மைதானம். தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன, இரவில் விளக்கு வெளிச்சம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். நாங்கள் போனது அது இல்லை, வேறொன்று. பையன் முதல் பந்தைப் பின்னங்காலில் எதிர்பார்த்தான். பந்து முழங்காலுக்குக் கீழே வழுக்கி வந்து கால் காப்பில் அடித்தது. எல்.பி., ஸ்டம்புக்கு நேரே வந்த பந்து காலில் பட்டதால் அவுட். இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள். அதிலும் ஸ்டம்பு போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி வடை வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை.

அப்போதுதான் ஒலிவேராவின் மிடில்டன் கதையைச் சொன்னேன். 1950களின் கடைசியில் அவர் இங்கிலாந்தில் இருந்த கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். முன்பின் பழக்கம் இல்லை. வானொலியில் குரல் கேட்டதுதான். எங்கேயாவது ஆட வாய்ப்புக் கிடைக்குமா என்று கேட்டார். ஆர்லட் அதைக் குப்பையில் போடாமல் ஜான் கே என்ற பத்திரிகையாளரிடம் சொல்லி வைத்தார். 1960இல் சென்ட்ரல் லங்காஷயர் லீக்கில் மிடில்டன் என்ற சிறு ஊரின் கிளப்புக்கு வர வேண்டிய வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் வெஸ் ஹால் வரவில்லை. அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பருவம் முழுவதற்கும் சம்பளம் 450 பவுண்டு. விமானக் கட்டணத்துக்குக் கையில் காசில்லை. கேப் டவுனில் அவருடைய மக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். ஆட்டம் நடத்தி, சில்லறை சேர்த்து. எங்கள் பாய்க்குப் பணம் சேர்ந்த கதைதான், கடல் தாண்டிய அளவில்.

போய் இறங்கியதும் அவருக்கு முதலில் பிடிபடாதது எது தெரியுமா? வெள்ளையர் உட்காரும் இடத்தில் தானும் உட்காரலாம் என்பது. உணவு விடுதியில் வெள்ளைக்காரப் பெண் வந்து தட்டு வைத்தது. இரண்டாவது, ஆடுகளம். ஈரப் புல். பந்து எழும்பவில்லை, வளைந்து வளைந்து வந்தது. முதல் சில ஆட்டங்களில் ரன் இல்லை. ஊரில் பணம் போட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அந்த மனிதர் எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பார். பிறகு முன்னங்காலை நகர்த்தவும், பந்து வரட்டும் என்று காத்திருக்கவும் கற்றுக்கொண்டார். அந்தப் பருவம் முடிந்தபோது லீக்கின் சராசரிப் பட்டியலில் முதலிடம். அவருக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவர் வெஸ்ட் இண்டீஸின் பெரிய ஆட்டக்காரர் கேரி சோபர்ஸ்.

பையன் வடையை எடுத்தான். "சார், அவருக்கு அப்போது என்ன வயது?" என்று கேட்டான். இருபத்தெட்டு என்றேன். அது உண்மை வயது. இங்கிலாந்தில் அவர் சொன்னது வேறு. 1934இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைத்துக்கொண்டு பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்துக்கு மீசையோடு வருகிற ஆட்களை நான் வாழ்நாள் முழுவதும் வெளியே அனுப்பியவன். ஒலிவேரா விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு மனிதனிடமிருந்து பத்து வருடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், அவர் மூன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் 1966இல், முப்பத்து நான்கு வயதில், இங்கிலாந்து அவரை டெஸ்டுக்கு எடுத்திருக்குமா? லார்ட்ஸில் முதல் டெஸ்ட், 27 ரன், ரன் அவுட். அடுத்த வருடம் லீட்ஸில் முதல் சதம், 109. யாருக்கு எதிராக? நமக்கு எதிராகத்தான், பட்டோடி தலைவராக இருந்த இந்திய அணிக்கு. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் பாய்காட் 246 அடித்துத் தொலைத்தார். பட்டோடி இரண்டாவது இன்னிங்ஸில் 148 எடுத்தும் தோற்றோம்.

பாய்க்குத் திரும்புகிறேன். அடுத்த பிரச்சினை பாதுகாத்து வைப்பது. முழுப் பாயைச் சுருட்டினால் ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு உருளை. எட்டு பேர் இல்லாமல் நகராது. மூங்கிலை நடுவில் விட்டுச் சுருட்டி, முன்னால் நால்வர், பின்னால் நால்வர் தோளில் வைத்துத் தூக்க வேண்டும். எலி, கரையான், ஈரம் மூன்றும் ஆகாது. வெள்ளத்துக்குப் பிறகு மோட்டார் அறை வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஊரில் ஒரு பொதுக் கட்டடத்தின் பின்பக்கம் காலி அறை இருந்தது. சாவி வைத்திருந்த பெரியவர்களிடம் போய்க் கேட்டேன். மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். "வாத்தியாருக்கு இல்லை என்று சொல்வோமா? ஆனால் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உள்ளே வந்து போவார்களே, நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது பாருங்கள்" என்றார் ஒருவர். மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பாய் இப்போது என் வீட்டு மாட்டுத் தொழுவத்தில், இரண்டு கல்தூணுக்கு நடுவே பலகை போட்டு, வேப்பிலை தூவிக் கிடக்கிறது. பசு அதை முகர்ந்து பார்த்து ஒரு மூலையைத் தின்றுவிட்டது. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் மூன்று தெரு, மூன்று அணி. முதல் மாதம் பாயைத் தூக்கும்போது நான் கவனித்தேன். முன் மூங்கிலில் ஒரு தெரு, பின் மூங்கிலில் இன்னொரு தெரு. யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை, தானாக அமைந்தது. கோடையில் சுற்றுவட்டாரத்தில் கோப்பை ஆட்டங்கள் நடக்கும். நோட்டீஸில் "அனைவரும் வருக" என்றுதான் இருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டப் போனால் அணியின் பெயரைக் கேட்பார்கள், பிறகு ஊரைக் கேட்பார்கள், பிறகு தெருவைக் கேட்பார்கள், பிறகு "பட்டியல் முடிந்துவிட்டதே அண்ணாச்சி" என்பார்கள். எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒரு முறை எங்களுக்குப் பின்னால் வந்த அணிக்கு ரசீது கிழித்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திரும்பினேன்.

கேப் டவுனில் இதற்கு வாரியமே வைத்திருந்தார்கள். வெள்ளையர் ஒருபக்கம் போக, மீதிப் பேரும் இந்தியர், மலாய்க்காரர், கலப்பினத்தவர், கறுப்பர் என்று தனித்தனி வாரியம், தனித்தனி அணி. ஒதுக்கப்பட்டவர்களே தங்களுக்குள் வேலி போட்டுக்கொண்டு அந்த வேலிக்குள் கோப்பை வைத்து ஆடினார்கள். 1950களில்தான் அதை உடைத்து ஒன்றாகச் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்த அணிக்குத் தலைவர் ஒலிவேரா. கென்ய அணியோடு ஆடினார்கள், 1958இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போய் ஆடினார்கள். இங்கே நடப்பதும் அங்கே நடந்ததும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஒவ்வொரு மனிதனையும் நிறம் பார்த்துப் பதிவேட்டில் எழுத 1950இல் சட்டமே போட்டார்கள். ஆனால் கிரிக்கெட்டில் கலந்து ஆடக் கூடாது என்பதற்கு நெடுங்காலம் தனிச் சட்டம் தேவைப்படவில்லை, வழக்கமே போதுமாக இருந்தது என்பதைப் படித்தபோது, எனக்கு அந்த மோர் தம்ளர்தான் ஞாபகம் வந்தது.

ஒலிவேராவின் 1968 கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் அப்பா. தபால் அலுவலகத்தில் எழுத்தர். எனக்குப் பத்து வயது. சாயங்காலம் திண்ணையில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "அடித்தவனை எடுக்க வேண்டியதுதானே!" என்று எதிரில் யாரும் இல்லாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் முழுதாகப் புரிந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரின் முதல் டெஸ்டில் ஒலிவேரா 87 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் இருந்தார். அடுத்த டெஸ்டுக்கே நீக்கினார்கள். லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்டுக்கு பிரிடோ என்பவர் உடல்நலமில்லாமல் விலக, இவரைக் கூப்பிட்டார்கள். 31 ரன்னில் ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ஜார்மன் ஒரு கேட்சை விட்டார். அதற்குப் பிறகு 158. கடைசி நாள் மழை, மைதானத்தில் குளம். பார்க்க வந்தவர்கள் இறங்கித் தண்ணீரை வடித்தார்கள். ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ஜோடியைப் பிரித்தவர் ஒலிவேரா. அவர் பந்தில் போல்டு ஆனவர் அதே ஜார்மன். மீதியை இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் அண்டர்வுட் முடித்தார். இங்கிலாந்து வென்றது.

அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 28 அன்று அணியை அறிவித்தார்கள். 158 அடித்தவர் பெயர் இல்லை. வொர்செஸ்டர் உடைமாற்றும் அறையில் வானொலியில் கேட்டார். அன்றும் தன் கவுண்டி அணியான வொர்செஸ்டர்ஷயருக்காக ஒரு சதம் அடித்துவிட்டு வந்திருந்தார். உட்கார்ந்து அழுதார். செப்டம்பர் 16 அன்று அந்த அணியில் இருந்த கார்ட்ரைட் காயத்தால் விலகியதும் அந்த இடத்துக்கு ஒலிவேராவை எடுத்தார்கள். மறுநாளே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் இந்த அணியை ஏற்க முடியாது என்று மேடையில் பேசினார். 24ஆம் தேதி பயணம் ரத்து. 1970இல் அவர்கள் இங்கிலாந்துக்கு வர இருந்ததும் ரத்தானது. அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் கிடையாது. திரும்பி வந்து முதல் ஆட்டம், அதுவும் ஒருநாள் ஆட்டம், ஆடியது 1991 நவம்பரில், கல்கத்தா ஈடன் கார்டனில்.

இதையெல்லாம் விட எனக்குத் தொண்டையில் நிற்பது 1959. ஃபிராங்க் வொரல் தலைமையில் ஒரு வெஸ்ட் இண்டீஸ் அணி தென்னாப்பிரிக்கா வந்து வெள்ளையர் அல்லாத அணிகளோடு ஆடுவதாக ஏற்பாடு. நிறவெறியை எதிர்த்தவர்களே அதைத் தடுத்தார்கள். வந்து ஆடினால் தனித்தனி ஏற்பாட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். கொள்கையில் பிழை இல்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது இருபத்தேழு வயதில், உலகத்தரப் பந்துவீச்சைப் பார்க்கக் காத்திருந்த ஒலிவேரா. கோப்பை ஆட்டத்தில் எங்களுக்கு ரசீது கிழிக்காதபோது, எங்கள் தெருக்களுக்கு மட்டும் ஒரு கோப்பை நடத்தலாம் என்று பையன்கள் வந்து கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியாகச் சொன்னேனா என்று இன்று வரை எனக்கு உறுதியில்லை. அந்தக் கோடையில் அவர்கள் ஒரு கோப்பை ஆட்டமும் ஆடவில்லை.

ஒலிவேரா கடைசியில் 44 டெஸ்ட் ஆடினார், 2,484 ரன், சராசரி 40, ஐந்து சதம். முப்பத்து நான்கு வயதில் தொடங்கியவருக்கு! வொர்செஸ்டர் மைதானத்தில் அவர் பெயரில் பார்வையாளர் மாடம் இருக்கிறது. இன்று இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் ஆடுகிற டெஸ்ட் தொடரின் கோப்பைக்கும் அவர் பெயர்தான். 2011இல் காலமானார்.

சரி, பாயின் இன்றைய நிலை. ஓரத் தையல் எட்டாவது மாதத்தில் பிரிந்தது. கடையில் கொடுத்தால் இரண்டாயிரம் கேட்டார்கள். மேலப்பாளையத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன், தடித்த நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு அறுநூறு வாங்கினார். அது இன்னும் அசையவில்லை. பந்து வீசுகிறவனின் முன்னங்கால் விழுகிற இடத்தில் இழை தேய்ந்து மண் தெரிகிறது. முனைக்கு முனை மாற்றி விரித்தால் தேய்மானம் பங்காகும் என்று நினைத்தேன், இரண்டு முனையிலும் பந்து வீசுவார்கள் என்பதை மறந்துவிட்டேன். தோல் பந்து இதில் இருபது ஓவருக்கு மேல் முகம் காட்டாது, நார் சுரண்டிவிடுகிறது. விழுந்தால் முழங்கை தோல் போகும், தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பைக் வைத்த ஷூவை அனுமதிக்காதீர்கள். ஐந்து வருடம் என்றார் கடைக்காரர். மூன்று வரும் என்பது என் கணக்கு. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். அரை மதிப்பெண் அந்த ஒன்றே முக்கால் அடிக்காகப் பிடித்துக்கொண்டேன், மீதி ஒன்று தையலுக்கு.

இடது கைப் பையன் இப்போதெல்லாம் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே வந்துவிடுகிறான். "சார், அரை மணி நேரம் பாய் விரிக்க வேண்டாம்" என்கிறான். ஈரச் செம்மண்ணில், டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் முக்கி, வழுக்கி வருகிற மாதிரி தாழ்வாக வீசச் சொல்லி முன்னங்காலில் தடுத்துப் பழகுகிறான். வீசுகிறவர்கள் இருவர், அடுத்த தெரு. ஆறரைக்கு மற்றவர்கள் வந்த பிறகு தொழுவத்துக்குப் போய்ப் பாயைத் தூக்கி வருகிறோம்.

ஆணிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கடையில் இலவசமாகக் கொடுத்தது ஆறு அங்குலம், கரம்பையில் நிற்காது, பாய் இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு பறக்கும். கொல்லன் பட்டறையில் பத்து அங்குலத்தில், தலை வளைத்து அடித்துக்கொள்ளுங்கள். ஒன்று நாற்பது ரூபாய். பக்கத்துக்குப் பன்னிரண்டு போதும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் யாராவது மாட்டின் காலில் ஏறும்.